மைலேஜ் டயர்: ஒரு சொல், இரண்டு கணக்கு

டயர் கடையில் போய் நின்று, "அண்ணே, நல்ல மைலேஜ் தர்ற டயரா குடுங்க" என்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் தயங்காமல் ஒன்றை உருட்டிக்கொண்டு வருவார். "இதப் போடுங்க சார், அம்பதாயிரம் ஓடும்." கேட்டவர் மனதில் இருந்தது பெட்ரோல், சொன்னவர் மனதில் இருந்தது தேய்மானம். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதும் மைலேஜ்தான், ஒரு டயர் மொட்டையாகும்வரை எத்தனை கிலோமீட்டர் என்பதும் அந்தத் தொழிலில் மைலேஜ்தான். இரண்டும் ஒரே டயரில் கூடிவருவது எளிதல்ல. பல சமயம் ஒன்றைக் கொடுத்துத்தான் மற்றதை வாங்க வேண்டியிருக்கிறது. அந்தக் கொடுக்கல் வாங்கலை ரூபாயிலும் பைசாவிலும் எழுதிப் பார்க்கலாம்.

கணக்குக்கு ஒரு காரை எடுத்துக்கொள்வோம். 2018-இல் வந்த மாருதி ஸ்விஃப்ட் பெட்ரோல், 185/65 ஆர் 15 அளவு டயர். ஏ.ஆர்.ஏ.ஐ. என்ற வாகன ஆராய்ச்சி அமைப்பின் சோதனைப்படி நிறுவனம் அறிவித்த எரிபொருள் திறன் லிட்டருக்கு 22 கி.மீ. நம் சாலையில் 20 என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய். மாதம் 1,000 கி.மீ. ஓட்டம். ஒரு செட் டயரின் ஆயுள் 40,000 கி.மீ., ஒரு டயரின் விலை 5,000 ரூபாய். இவை கணக்குக்காக நான் வைத்துக்கொண்ட முழு எண்கள். ஊருக்கு ஊர், பிராண்டுக்கு பிராண்டு விலை மாறும். உங்கள் பில்லில் உள்ள எண்ணை இந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். கணக்குப் போகும் வழி மாறாது.

40,000 கி.மீ. ஓடப் பெட்ரோல் 2,000 லிட்டர், அதாவது 2,00,000 ரூபாய். அதே தூரத்துக்கு நான்கு டயர் 20,000 ரூபாய். கிலோமீட்டருக்குப் பெட்ரோல் 5 ரூபாய், டயர் 50 பைசா. டயருக்குப் போவதைப் போலப் பத்து மடங்கு பெட்ரோலுக்குப் போகிறது.

இதிலிருந்து ஒரு சமன்பாடு கிடைக்கிறது. பெட்ரோலில் 1 சதவீதம் என்றால் செட்டின் ஆயுளுக்கு 2,000 ரூபாய். டயர் விலையில் 10 சதவீதம் என்றாலும் 2,000 ரூபாய். டயரின் ஆயுள் 10 சதவீதம் கூடினாலும் கையில் நிற்பது ஏறக்குறைய அதே 2,000 ரூபாய். நான்கால் வகுத்தால் டயருக்கு 500. கடையில் நிற்கும்போது இந்த 500 ஒன்றை மட்டும் நினைவில் வைத்திருந்தால் போதும். இரண்டு டயருக்கு இடையே விலை 500 ரூபாய் கூடினால், அது பெட்ரோலில் 1 சதவீதமாகவோ ஓட்டத்தில் 4,000 கிலோமீட்டராகவோ திரும்பி வருகிறதா என்று கேட்க வேண்டும்.

2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. வரியோடு 5,000 ரூபாய்க்கு விற்ற டயரின் மூலவிலை 3,906 ரூபாய். புதிய வரியில் அது 4,609. செட்டுக்குக் குறைவது சுமார் 1,560 ரூபாய். பலரும் அந்தக் குறைப்புக்காகக் காத்திருந்து டயர் மாற்றினார்கள். பெட்ரோலில் 1 சதவீதம் அதைவிடப் பெரிய தொகை. ஆனால் அதற்காக யாரும் காத்திருப்பதில்லை, கண்ணில் படுவதில்லை என்பதால்.

பெட்ரோல் டயரில் எங்கே போகிறது? ஓடும் டயர் தரையைத் தொடும் இடத்தில் நசுங்குகிறது, விலகியதும் நிமிர்கிறது. நசுக்கக் கொடுத்த சக்தி முழுவதும் நிமிரும்போது திரும்புவதில்லை. ஒரு பகுதி ரப்பருக்குள்ளேயே சூடாகிவிடுகிறது. நூறு கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தியதும் டயரைத் தொட்டுப் பார்த்தால் கையில் சுடும். அந்தச் சூடு நாம் பெட்ரோல் பங்கில் காசு கொடுத்து வாங்கியது. இதற்குப் பெயர் உருளல் தடை. அளக்கும் முறை எளிது: ஒரு டன் எடைக்கு எத்தனை கிலோ இழுவை தேவை என்பதுதான் கணக்கு. கார் டயர்களில் இது பெரும்பாலும் 6 முதல் 12 வரை இருக்கும்.

ஆள்களோடு சேர்த்து நம் கார் 1,050 கிலோ என்று கொள்வோம். தடை 9 என்றால் 9.45 கிலோ இழுவை. கிணற்றிலிருந்து ஒன்பதரைக் கிலோ வாளியை இழுத்துக்கொண்டே நூறு கிலோமீட்டர் நடப்பதற்குச் சமம். அந்த வேலைக்கு 92 லட்சம் ஜூலுக்குச் சற்று மேல் சக்தி வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 320 லட்சம் ஜூல் இருக்கிறது. எஞ்சின் அதில் 30 சதவீதத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுவந்தால் 96 லட்சம். ஆக, நூறு கிலோமீட்டருக்கு டயரை உருட்ட மட்டும் 0.97 லிட்டர். அந்தத் தூரத்துக்குக் கார் குடிப்பதே 5 லிட்டர்தான். ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு டயருக்குப் போகிறது.

அப்படியானால் தடையை 10 சதவீதம் குறைத்தால் பெட்ரோலில் 2 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக மிச்சமாக வேண்டும். அமெரிக்க தேசிய ஆராய்ச்சி மன்றத்தின் போக்குவரத்து ஆய்வு வாரியம் 2006-இல் வெளியிட்ட அறிக்கை இதையேதான் சொல்கிறது: உருளல் தடை 10 சதவீதம் குறைந்தால் எரிபொருள் திறன் 1 முதல் 2 சதவீதம் கூடும். நடுவில் ஒன்றரை என்று வைத்துக்கொள்கிறேன். தடையில் 10 சதவீதம் என்றால் டயருக்கு 750 ரூபாய்வரை கூடக் கொடுக்கலாம். அதற்கு மேல் கொடுத்தால் பெட்ரோல் வழியாக அந்தப் பணம் திரும்பாது.

கடையில் இந்த எண்ணை யார் சொல்வார்கள்? ஐரோப்பாவில் டயரிலேயே சீட்டு ஒட்டியிருக்கும். 2021 மே முதல் நடப்பில் உள்ள வகைப்பாட்டில் கார் டயரின் தடை 6.5 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் 'ஏ', 7.7 வரை 'பி', 9.0 வரை 'சி', 10.5 வரை 'டி', அதற்கு மேல் 'இ'. இந்தியாவில் ஏ.ஐ.எஸ். 142 என்ற தரத்தின்படி உருளல் தடை, ஈரத்தில் பிடிப்பு, இரைச்சல் ஆகிய மூன்றுக்கும் வரம்பு உண்டு. புதிய வடிவ டயர்களுக்கு 2022 அக்டோபரிலும், ஏற்கெனவே விற்பனையில் இருந்தவற்றுக்கு 2023 ஏப்ரலிலும் அது கட்டாயமாவதாக அறிவிக்கப்பட்டது. ஆனால் வரம்பு என்பது தேர்ச்சி மதிப்பெண் மாதிரி. 35 வாங்கியவனும் 95 வாங்கியவனும் 'பாஸ்' என்ற ஒரே சொல்லோடு வெளியே வருகிறார்கள். 10.5 தடை கொண்ட டயருக்கும் 6.5 கொண்டதற்கும் 38 சதவீத வித்தியாசம். நம் கணக்கில் அது பெட்ரோலில் 5.7 சதவீதம், செட்டின் ஆயுளுக்கு 11,400 ரூபாய். அந்த வித்தியாசம் வாங்குபவர் கண்ணில் படவே இல்லை என்பதுதான் என் மனக்குறை.

ஃபிரிட்ஜிலும் ஏசியிலும் நாம் பார்க்கும் பி.இ.இ. நட்சத்திரத்தை டயருக்கும் கொண்டுவந்திருக்கிறார்கள். ஆனால் நிறுவனம் விரும்பினால் சேரலாம் என்ற அளவில்தான் அது தொடங்கியது. எம்.ஆர்.எஃப். அரக்கோணத்திலும், அப்போலோ ஒரகடத்திலும், ஜே.கே. ஸ்ரீபெரும்புதூரிலும் டயர் செய்கின்றன. சென்னையைச் சுற்றி இத்தனை தொழிற்சாலை இருந்தும், சென்னையில் டயர் வாங்குபவர் பெயரை வைத்துத்தான் ஊகிக்க வேண்டியிருக்கிறது. எக்கோபியா, புளூஎர்த், எனர்ஜி என்ற பெயர்கள் எரிபொருளை நோக்கிச் சொல்கின்றன. மைலேஸ், டியூராபிளஸ், டாக்ஸிமேக்ஸ் என்ற பெயர்கள் ஓட்டத்தை நோக்கிச் சொல்கின்றன. பெயர் ஒரு குறிப்புதான், அளவு ஆகாது.

இன்னொரு உண்மையையும் தெரிந்துகொள்ள வேண்டும். புது காரோடு வரும் டயர் பெரும்பாலும் தடை குறைந்ததாகவே இருக்கும். கார் நிறுவனம் தன் சோதனை எண் நன்றாக வர வேண்டும் என்று டயர் நிறுவனத்திடம் அப்படிக் கேட்டு வாங்குகிறது. கடையில் மாற்றாக விற்கும் டயருக்கு அப்படிக் கேட்க ஆளில்லை. வாங்குபவர் கேட்பது விலையும் ஓட்டமும், அவையே கிடைக்கின்றன. அதனால் மைலேஜுக்காகவே கார் வாங்கியவர், முதல் செட் தேய்ந்ததும் தெரியாமலே அந்த மைலேஜில் ஒரு பங்கை இழக்கிறார்.

இனி தேய்மானம். புது கார் டயரில் பட்டன் ஆழம், அதாவது தரையைத் தொடும் ரப்பர்க் கட்டிகளுக்கு இடையே உள்ள பள்ளத்தின் ஆழம், 8 மி.மீ. அளவில் இருக்கும். பள்ளத்துக்குள் குறுக்கே சிறு திட்டுகள் தெரியும். அவற்றின் உயரம் 1.6 மி.மீ. பட்டன் அந்தத் திட்டோடு சமமானால் டயர் முடிந்தது. ஆக, நாம் விலை கொடுத்து வாங்குவது 8 மி.மீ. அல்ல, 6.4 மி.மீ. 5,000 ரூபாயை 6.4-ஆல் வகுத்தால் மில்லிமீட்டர் 781 ரூபாய். 40,000 கி.மீ. ஓடினால் ஒரு மில்லிமீட்டருக்கு 6,250 கி.மீ.

இந்த எண் கையில் இருந்தால் பழைய டயர் வியாபாரத்தின் நிறம் தெரிந்துவிடும். 3 மி.மீ. பட்டன் மிச்சமுள்ள டயர் 1,500 ரூபாய்க்குக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பயன்படுவது 1.4 மி.மீ. மட்டுமே. மில்லிமீட்டருக்கு 1,071 ரூபாய். புது டயரைவிட விலை கூடுதல், அதன் பழைய வாழ்க்கையும் நமக்குத் தெரியாது. எந்தக் குழியில் விழுந்தது, எத்தனை நாள் காற்றில்லாமல் நின்றது, உள்ளே ஒட்டு உண்டா என்று சொல்ல யாருமில்லை. 'செகண்ட்ஸ்' மலிவு என்று நினைப்பவர்கள் ஒருமுறையாவது இந்த வகுத்தலைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

எரிபொருள் மிச்சம் என்று விற்கும் டயரையும் இதே அளவுகோலால் பார்க்கலாம். தடையைக் குறைக்க எளிய வழி ரப்பரைக் குறைப்பது. ஒரு டயர் 8-க்குப் பதில் 7 மி.மீ. பட்டனோடு வந்தால் பயன்படுவது 5.4. ஆயுளில் 15.6 சதவீதம் போய்விட்டது. டயருக்கு 780 ரூபாய் நஷ்டம். தடையில் 10 சதவீதம் குறைந்ததால் வந்த லாபம் 750. மைலேஜில் வந்தது தேய்மானத்தில் போயிற்று, மிச்சம் எதுவுமில்லை. நான் சொன்ன அமெரிக்க அறிக்கையும் இதைப் பற்றி எச்சரித்தது: பட்டனைக் குறைத்துத் தடையைக் குறைத்தால் டயர் சீக்கிரம் குப்பைக்குப் போகும். உண்மையான முன்னேற்றம் ரப்பர் கலவையில் வந்தது. 1992-இல் மிஷெலின் கரித்தூளுக்குப் பதிலாக சிலிக்கா சேர்த்த டயரை வெளியிட்டது. ஈரத்தில் பிடிப்பை விடாமல் தடையைக் குறைக்க முடியும் என்று அது காட்டியது. ஆகவே மைலேஜ் டயர் என்று ஒன்றைக் காட்டினால் பட்டன் ஆழம் எத்தனை மி.மீ. என்று கேளுங்கள். நல்ல கடையில் அளக்கும் கருவி இருக்கும். இல்லாவிட்டால் நீங்களே ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம், விலை அதிகமில்லை.

பட்டனை மிச்சப்படுத்த இன்னொரு வழி ஸ்டெப்னி. அது டிக்கியில் படுத்தபடியே வயதாகி, ஒருநாளும் தரையைத் தொடாமல் பழைய இரும்புக்குப் போகிறது. அளவு ஒன்றாக இருந்தால் ஐந்தையும் சுழற்சியில் போடலாம். ஐந்து டயர் × 40,000 = 2,00,000; ஒரே சமயத்தில் ஓடுவது நான்கு என்பதால் வகுத்தால் 50,000. காரோடு ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிய டயரிலிருந்து 10,000 கி.மீ. கிடைக்கிறது, கிலோமீட்டருக்கு 50 பைசா வீதம் 5,000 ரூபாய். அலாய் போட்ட பல கார்களில் ஸ்டெப்னி வேறு அளவு, இரும்பு டிஸ்க். அங்கே இது நடக்காது. 2020-இல் வந்த விதித் திருத்தத்துக்குப் பிறகு, காற்றழுத்தம் காட்டும் கருவியும் பஞ்சர் சாமானும் உள்ள டியூப்லெஸ் கார்களுக்கு ஸ்டெப்னியே கட்டாயமில்லை.

எண்களிலேயே அதிகம் ஏமாற்றும் இடத்துக்கு வருவோம். புது டயர் போட்ட மாதத்தில் பலர் சொல்வார்கள்: "இந்த பிராண்டு சரியில்ல, மைலேஜ் ஒரு கிலோமீட்டர் விழுந்துபோச்சு." அவர்கள் பொய் சொல்லவில்லை, தப்பாக அளக்கவும் இல்லை. மைலேஜ் விழத்தான் செய்யும். காரணம் பிராண்டாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

முதல் காரணம், தேய்ந்த டயரில் நசுங்க ரப்பர் குறைவு. புது நிலையோடு ஒப்பிட்டால் தேய்ந்து முடியும் தறுவாயில் உருளல் தடை ஐந்தில் ஒரு பங்கு வரை குறைந்திருக்கும். பெட்ரோலில் அது 3 சதவீதம். இரண்டாவது காரணம் ஓடோமீட்டர். 185/65 ஆர் 15 டயரின் வெளிவிட்டம் 621.5 மி.மீ. இருபுறமும் 6 மி.மீ. தேய்ந்தால் விட்டம் 609.5. சிறிய சக்கரம் அதே தூரத்துக்கு அதிக முறை சுற்றும். ஓடோமீட்டர் எண்ணுவது சுற்றைத்தான், சாலையை அல்ல. எனவே தேய்ந்த டயரில் ஓடோமீட்டர் 2 சதவீதம் வரை கூட்டிக் காட்டும். டேங்க் நிரப்பி 400 கி.மீ. ஓடி 20 லிட்டர் போட்டால் நாம் எழுதுவது 20. உண்மையில் ஓடியது 392 கி.மீ. அளவில்தான், உண்மையான மைலேஜ் 19.6. புது டயர் போட்டதும் அந்தப் பொய்யான 2 சதவீதம் மறைகிறது, உண்மையான 3 சதவீதமும் குறைகிறது. இரண்டும் சேர்ந்து 5. நோட்டில் 20 என்று இருந்தது 19 ஆகிவிடுகிறது. இதே பிராண்டை, இதே மாடலைத் திரும்பப் போட்டிருந்தாலும் இதே ஒரு கிலோமீட்டர் விழுந்திருக்கும்.

ஒப்பிடுவதென்றால் புதிதைப் புதிதோடு ஒப்பிட வேண்டும். போன செட் போட்ட முதல் ஆறு மாதத்துக் குறிப்பு உங்களிடம் இருந்தால் அதுதான் சரியான சாட்சி. ஒரே பங்க், ஒரே பம்ப், தானாக நிற்கும் இடம் வரை நிரப்புதல், குறைந்தது மூன்று டேங்கின் சராசரி. ஓடோமீட்டரைச் சரிபார்க்கத் தேசிய நெடுஞ்சாலையின் கிலோமீட்டர் கற்களே போதும். விக்கிரவாண்டி தாண்டி உளுந்தூர்பேட்டைப் பக்கம் போகும்போது 20 கல் எண்ணி, ஓடோமீட்டர் 20-க்கு எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள்.

அளவை மாற்றுகிறவர்களுக்கும் இதே பாடம். 185/65-க்குப் பதில் 195/65 போட்டால் விட்டம் 634.5 மி.மீ., 2 சதவீதம் கூடுதல். ஓடோமீட்டர் அந்த அளவுக்குக் குறைத்துக் காட்டும், ஸ்பீடோமீட்டரும்தான். காற்றை எதிர்க்கும் அகலமும் கூடும். மைலேஜ் காருக்கு நிறுவனம் கொடுத்த அளவை மாற்ற நான் சம்மதிக்க மாட்டேன். அளவுக்குப் பின்னால் உள்ள எண்ணையும் எழுத்தையும் விடக் கூடாது: 88 என்றால் ஒரு டயர் தாங்குவது 560 கிலோ, 'எச்' (H) என்றால் வேகம் 210 வரை, 'டி' (T) என்றால் 190 வரை. இவை நிறுவனம் சொன்னதற்குக் கீழே இறங்கக் கூடாது. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும். நான்கு இலக்கத் தேதியைப் படிக்க வேண்டும்: 2325 என்றால் 2025-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ஆண்டுக்கு 8,000 கி.மீ. மட்டும் ஓட்டுபவருக்கு 40,000 முடிய ஐந்து வருடம் ஆகும். கடையில் இரண்டு வருடம் கிடந்த டயரை அவர் வாங்கினால் முடியும்போது அதற்கு ஏழு வயது. ரப்பர் இறுகிவிடும்.

இதுவரை எழுதிய எதையும் ஈரச்சாலையில் வைத்து எழுதவில்லை. சென்னைக்கு ஆண்டில் பெய்யும் மழையில் பாதிக்கும் மேல் வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது. ஐரோப்பியச் சீட்டில் ஈரப் பிடிப்புக்கும் தனி எழுத்து உண்டு. மேல் வகுப்புக்கும் கடைசி வகுப்புக்கும் இடையே, 80 கி.மீ. வேகத்திலிருந்து பிரேக் பிடித்து நிற்கும் தூரத்தில் 18 மீட்டர்வரை வித்தியாசம் வரலாம் என்பது அந்தச் சீட்டின் கணக்கு. ஸ்விஃப்ட்டின் நீளம் 3.84 மீட்டர். நாலரைக் கார் நீளம். ஒரு டயர் நிற்கும் இடத்தில் இன்னொரு டயர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தத் தூரத்துக்குள் ஒரு பள்ளிச் சிறுவனின் சைக்கிள் இருக்கலாம். அதற்கு என்னிடம் ரூபாய் மதிப்பு இல்லை, போடவும் மாட்டேன்.

ஒன்றை மட்டும் ரூபாயில் சொல்ல முடியும். பட்டன் 1.6 வரை காத்திருக்காமல் 3 மி.மீ.யிலேயே டயரை மாற்றினால் இழப்பது 1.4 மி.மீ., ஆயுளில் 22 சதவீதம், செட்டுக்கு 4,375 ரூபாய். மழைத் தண்ணீரைப் பள்ளத்தின் வழியே வெளியேற்றும் வேலையைச் செய்வது இந்தக் கடைசி மில்லிமீட்டர்கள்தாம். பட்டன் 3-க்கு வந்த டயரோடு கார்த்திகை அடைமழைக்குள் போகாமல் இருக்க 4,375 ரூபாய் கொடுப்பது நியாயமான செலவு என்பது என் முடிவு.

இப்போது நான்கு டயரை வரிசையாக வைத்துப் பார்க்கலாம். எல்லாம் கணக்குக்காக நான் எழுதிக்கொண்ட டயர்கள். கடையில் நீங்கள் பார்ப்பவை இவற்றில் ஏதோ ஒன்றை ஒத்திருக்கும். முதல் எண் ஒரு டயரின் விலை, அடுத்தது உருளல் தடை, அடுத்தது ஆயுள்.

மலிவு டயர்: 4,500 ரூபாய், 10.5, 40,000 கி.மீ. – டயர் 45 பைசா, பெட்ரோல் 512.5, மொத்தம் கி.மீ.க்கு 557.5 பைசா.
நடுத்தர டயர்: 5,000 ரூபாய், 9, 40,000 கி.மீ. – 50, 500; மொத்தம் 550.
எரிபொருள் மிச்ச டயர்: 6,500 ரூபாய், 7.5, 40,000 கி.மீ. – 65, 487.5, மொத்தம் 552.5.
ஓட்டம் கூடிய டயர்: 5,500 ரூபாய், 9.5, 50,000 கி.மீ. – 44, 504.2, மொத்தம் 548.2.

கடையில் மலிவாக இருந்ததே சாலையில் விலை கூடியது. இது முதலில் கண்ணில் படும். எனக்கு முக்கியமாகப் படுவது மற்ற மூன்றும். நடுத்தரம், எரிபொருள் மிச்சம், ஓட்டம் என்று மூன்று வழியில் போன டயர்களுக்கு இடையே உள்ள வித்தியாசம் 4.3 பைசா. 40,000 கி.மீ.க்கு 1,720 ரூபாய். நாற்பது மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 43 ரூபாய். மாதம் 43 ரூபாய்க்காக ஈரத்தில் சறுக்கும் டயரை யாரும் தேர்ந்தெடுக்கக் கூடாது. மலிவை ஒதுக்கிவிட்டு, மிச்சமுள்ள மூன்றில் ஈரப்பிடிப்பு எது நல்லதோ அதை எடுங்கள். அதுதான் இந்தக் கணக்கின் தீர்ப்பு.

அந்த 43 ரூபாயைவிடப் பெரிய தொகை காற்றில் போகிறது. அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்குப்படி, நான்கு டயரின் சராசரிக் காற்று 1 பி.எஸ்.ஐ. குறைந்தால் எரிபொருள் திறன் சுமார் 0.2 சதவீதம் குறையும். நல்ல டயரிலும் மாதம் 1 முதல் 2 பி.எஸ்.ஐ. தானாக இறங்கும். மூன்று மாதம் பார்க்காமல் விட்டால் 5 குறைந்திருக்கும்; அது 1 சதவீதம். இப்படியே ஓட்டினால் கி.மீ.க்கு 5 பைசா, மேலே பார்த்த 4.3 பைசாவைவிட அதிகம். தோள்பகுதி தேய்ந்து ஆயுளும் குறையும். 1,500 ரூபாய் கூடக் கொடுத்து வாங்கிய டயரில் காற்றைக் கவனிக்காவிட்டால், வாங்கிய லாபத்தில் கணிசமானதை வழியிலேயே சிந்திவிடுகிறோம். டிரைவர் கதவின் தூணில் ஒட்டியிருக்கும் அளவுதான் சரியானது. டயரின் பக்கவாட்டில் எழுதியிருப்பது அது தாங்கும் உச்சம், நமக்கான அளவு அல்ல. காலையில், ஓட்டத் தொடங்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். நைட்ரஜன்தான் வேண்டும் என்று காத்திருந்து காற்றே பிடிக்காமல் ஓட்டுவது தவறு. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்.

டயர் மாற்ற வேண்டிய நிலையில் இருப்பவர்கள் ஐப்பசி மழைக்கு முன்பே மாற்றிவிடுங்கள். கடையில் உருளல் தடை எவ்வளவு, ஈரப்பிடிப்பு எந்த வகுப்பு, நட்சத்திரம் எத்தனை என்று வாய்விட்டுக் கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியாவிட்டாலும் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் அவர் டீலரிடம் கேட்பார், டீலர் நிறுவனத்திடம் கேட்பார். வாங்கிய அன்றைய தேதி, ஓடோமீட்டர் எண், பட்டன் ஆழம் மூன்றையும் பில்லின் பின்பக்கத்தில் எழுதி, அந்த பில்லை ஆர்.சி. புத்தகத்தோடு வையுங்கள்.